வெள்ளாற்றுக் குறவையும் கெடிலத்துக் குறவையும்

சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி சேர்ந்த புதிதில், என்ன படிக்கிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் சொன்னேன். அந்தப் பொறுமை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் 'மீன்' என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அடுத்த கேள்வி தயாராக இருந்தது: "படிச்சி முடிச்சிட்டு இன்னா, மீன் விக்கப் போறியா?" கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு மீனைப் பற்றி யாரும் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. கடல் மீன், ஆற்று மீன், ஏரி மீன் எல்லாவற்றையும் தின்று தீர்ப்பு எழுதி முடித்தவர்கள்.

நான் எடுத்துக்கொண்டது குறவை. விராலுக்குத் தம்பி முறை. ஓடை, வாய்க்கால், வயலோரப் பள்ளம் என்று நல்ல தண்ணீர் எங்கே தேங்கினாலும் கிடக்கும். அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அதனால் ஈரம் இருந்தால் போதும், தண்ணீருக்கு வெளியிலும் வெகுநேரம் சாகாது. சந்தையில் மற்ற மீன்களெல்லாம் வாயைப் பிளந்து கிடக்கும்போது குறவை மட்டும் பேசினுக்குள் துள்ளிக்கொண்டிருக்கும், வாங்க வருகிறவர்கள்மேல் தண்ணீர் தெறிக்கும்.

என் கேள்வி சின்னது. கெடிலம் ஆற்றோடு சேரும் ஓடைகளில் இருக்கிற குறவையும், வெள்ளாற்றோடு சேரும் ஓடைகளில் இருக்கிற குறவையும் ஒரே குடும்பமா, இல்லை எப்போதோ பாகம் பிரிந்து போன பங்காளிகளா? மேலே பார்த்தால் தெரியாது. அதே உருட்டுத் தலை, அதே பொட்டு, அதே திருட்டு முழி. மரபணுவைப் பிரித்துப் படித்தால்தான் தெரியும்.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. அப்பாவுக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம் பக்கம், கெடிலத்துத் தண்ணீர். அம்மாவுக்குப் புவனகிரிக்கு அந்தாண்டை ஒரு கிராமம், வெள்ளாற்றுத் தண்ணீர். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, அந்தக் கிராமத்தில் பயிர் வைக்கிறார். அப்பாவும் மாமாவும் சந்திக்கிற எந்த விசேஷத்திலும், பந்தியில் கை நனைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பேச்சு குறவைக்கு வந்துவிடும். சைவ விருந்தாக இருந்தாலும் வரும்.

"மச்சான், உங்க வெள்ளாத்துக் குறவைய நாலு தண்ணி ஊத்திக் கழுவுனாலும் சேத்து நாத்தம் போவாது" என்பார் அப்பா.

"மாமா, உங்க கெடிலத்துல மீனு இருக்குதுன்றதே எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியும்" என்பார் மாமா.

அம்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இரண்டு ஆற்று மீனும் பிடிக்காது. அவள் வாங்குவது கடலூர் துறைமுகத்து சங்கரா.

ஆகவே என் ஆராய்ச்சியை வீட்டில் யாரும் படிப்பு என்று எண்ணவில்லை. ஊர் வழக்கு கடைசியில் மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, தீர்ப்பு எழுதப் போவது நம் வீட்டுப் பெண் என்றுதான் எண்ணினார்கள். ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "அந்த டெஸ்ட்டுல இன்னாதான் பாக்கற?"

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு, அது அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும், அதைப் படித்தால் எந்தத் தாய்வழி என்று தெரிந்துவிடும் என்றேன்.

அப்பா சோறு பிசைவதை நிறுத்தினார். "அப்பங்கிட்டேர்ந்து?"

"இதுல வராதுப்பா."

"அப்ப ஆம்பள மீனுக்கு ஒரு மரியாதையும் இல்லியா?"

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். அன்று சாயங்காலமே விஷயத்தைத் தம்பிக்குப் போனில் சொல்லிவிட்டாள். மாமா உடனே என்னைக் கூப்பிட்டார். "அதான் பாப்பா சயின்ஸு! அப்ப உன்னைய டெஸ்ட்டு பண்ணாலும் வெள்ளாத்து ஆளுன்னுதான வரும்?" ஆமாம் மாமா என்றேன். அறிவியல்படி அதுதான் உண்மை. அப்பா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கெடிலத்துப் பக்கம் மீன் மாதிரிகளை எடுத்து முடித்தேன். வெள்ளாற்றில் கீழ்ப்பக்கத்து ஓடைகளையும் முடித்தேன். மிச்சம் இருந்தது மாமா ஊர் ஓடை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி மீனெல்லாம் மடுக்களில் ஒதுங்கும், பிடிக்கச் சுலபம் என்பதால் சித்திரையில் வருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன்.

"மீனு கெடைக்கலன்னா?" என்றார்.

"கெடைக்கலன்னு எழுதிடுவேன். இந்த ஓடையில் இவ்வகை மீன் காணப்படவில்லைன்னு. அதுவும் ஒரு தகவல்தான மாமா."

"ஊரு பேரு போட்டா?"

"ஊரு பேரு இல்லாம எப்புடி எழுதறது?"

"உங்கப்பா அத படிப்பாரா?"

"படிக்காம வுடுவாரா?"

போனில் அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதாக்கும் என்று நானும் வைத்துவிட்டேன்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே கிளம்பி வந்தார். கார் ஓட்ட ஆள் வேண்டாமா என்றார். எனக்கு அவரைவிட நன்றாகவே ஓட்டத் தெரியும். ஓடைக்கு மீன் பிடிக்கப் போகிறவர் வெள்ளைச் சட்டை போட்டு, பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடி செருகியிருந்தார், தாசில்தார் தோற்றார். ரோட்டோரம் மாமா காத்திருந்தார். அவரும் இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கவலையாக இருந்தது.

ஓடை என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மணல் வெந்துகொண்டிருந்தது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டு கரையிலும் வேலிக்கருவை. ஆனால் மாமாவின் கொல்லையை ஒட்டி ஓடை திரும்புகிற இடத்தில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், கண்ணாடியாக நின்றது.

"இன்னா மச்சான், இந்த வெயிலுக்கும் தண்ணி நிக்குது?" என்றார் அப்பா.

"ஊத்து மாமா. எங்க ஊரு ஊத்து அப்புடி" என்றார் மாமா.

வலையை இறக்கினேன். மற்ற ஓடைகளில் காலையிலிருந்து சேற்றில் உழன்றால் வெயில் ஏறுவதற்குள் இரண்டோ மூன்றோ கிடைக்கும். இங்கே முதல் இழுப்பிலேயே வலை கனத்தது. குறவை, குறவை, எல்லாம் குறவை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, யாரோ பொறுக்கி எடுத்துப் போட்டதைப் போல. ஆராய்ச்சி செய்கிறவளுக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். எனக்கோ வாயெல்லாம் பல். ஒவ்வொன்றிலும் துடுப்பின் ஓரத்தில் நகம் வெட்டுகிற அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, எத்தனால் குப்பியில் போட்டு, மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டேன். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையில் நின்றார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அகப்பட்டது சாப்பாட்டில். வெட்டாமல் மிச்சமிருந்த மீனில் கொஞ்சம் எடுத்து அத்தை, மாமாவின் மனைவி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு அருமையாக இருந்தது. அப்பா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மென்றார்.

"இந்தா, வருது பாரு சேத்து நாத்தம். எங்க கெடிலத்துக் குறவ மாரி வருமா இது?"

மாமாவுக்குப் புரையேறியது. சாதாரணப் புரையில்லை, கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் கொட்டியது. அத்தை அவர் தலையில் தட்டினாள், தேவைக்குமேல் பலமாகவே தட்டினாள். அவமானம் தாங்காமல் புரையேறுகிறது என்று நினைத்து எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது. சாப்பிடுகிற இடத்தில் இப்படியா பேசுவது என்று திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆய்வகத்தில் வேலை தொடங்கியது. துடுப்புத் துண்டிலிருந்து டிஎன்ஏ பிரிப்பது, அதைப் பிசிஆர் மெஷினில் வைத்துப் பெருக்குவது, பெருக்கியதை எழுத்து எழுத்தாகப் படித்துக் கொடுக்கிறவர்களிடம் அனுப்புவது, வரும்வரை நகத்தைக் கடிப்பது. வந்த எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யாருக்கு யார் நெருக்கம் என்று கம்ப்யூட்டர் ஒரு மரம் வரைந்து காட்டும். கெடிலத்து மீனெல்லாம் ஒரு கிளை. வெள்ளாற்று மீனெல்லாம் வேறொரு கிளை. இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. பங்காளிகள்தான், பாகம் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

மாமா ஊர் மீன்கள் மட்டும் கெடிலத்துக் கிளையில் போய் உட்கார்ந்திருந்தன.

குப்பியை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். மறுபடியும் அதே கிளை, அதே உட்காரல். பக்கத்து வெள்ளாற்று ஓடைகளில் இருக்கும் மீனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நீட்டிப்பு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. என் ஆய்வே ஆற்றுக்கு ஆறு மீன் வேறு என்பதில் நிற்கிறது. அதை ஒரே ஒரு ஓடை, அதுவும் என் மாமா வீட்டு ஓடை, காலை வாரிக்கொண்டிருந்தது. அழுகையாக வந்தது. கைடிடம் போனேன்.

என் கைடு நல்ல மனிதர். ஒரு யோசனை தலையில் ஏறிவிட்டால் மட்டும் இறக்குவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். மரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது தப்பு இல்லம்மா. இதுதான் உன் தீசிஸோட உசுரு" என்றார். எழுந்து போய் போர்டில் இரண்டு ஆறுகளை வரைந்தார். நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு காலத்தில் இரண்டு ஆறும் ஒன்றாக ஓடியிருக்க வேண்டும், ஒரு பெருவெள்ளத்தில் திசை மாறியிருக்க வேண்டும், அந்தப் பழைய ஆற்றின் கடைசி வாரிசு உன் மாமா வீட்டு ஓடையில் நீந்திக்கொண்டிருக்கிறது என்றார். பேசப் பேசக் கோடு தடித்துக்கொண்டே போனது. அடுத்த கருத்தரங்கில் இதைத்தான் பேசப் போகிறோம் என்றும் சொன்னார்.

"ஊர்க்காரங்க வாய்வழியா ஏதாவது சொல்லுவாங்க. பழைய வெள்ளம், ஆறு மாறுனது. போய்க் கேட்டு ரெக்கார்ட் பண்ணிட்டு வா" என்று என்னை அனுப்பினார். எனக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. என் மாமா வீட்டு ஓடையில் ஒரு காணாமல் போன ஆறு! பஸ்ஸில் போகும்போதே அத்தியாயத்துக்குத் தலைப்பு யோசித்துவிட்டேன்.

மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அத்தை கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போனில் ரெக்கார்டரை அழுத்திப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டேன்: "மாமா, உங்க ஓடையில இருக்கற மீனு கெடிலத்து மீனா இருக்குது. முன்னாடி எப்பவாச்சும் ரெண்டு ஆறும் சேந்து ஓடுச்சா?"

மாமா எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"சேந்து ஓடுச்சாவா? இன்னா பாப்பா இப்புடிக் கேட்டுட்ட! எங்க தாத்தா காலத்துல வந்துச்சு பாரு ஒரு வெள்ளம். கெடிலம் எது, வெள்ளாறு எதுன்னே தெரியல. எல்லாம் ஒரே தண்ணி. நெல்லிக்குப்பத்து மாடு புவனகிரில வந்து கர ஏறுச்சாம். மாட்டுக்காரன் அடையாளம் சொல்லி ஓட்டிக்கிட்டுப் போனானாம்."

"வடலூர்லாம் மேடாச்சே மாமா? அத எப்புடித் தாண்டுச்சு தண்ணி?"

"அது இப்ப மேடு. அப்ப பள்ளம்" என்றார் மாமா, கொஞ்சமும் தயங்காமல். "மாடு மட்டுமா? ஒரு கல்யாணப் பந்தலே முழுசா மெதந்து வந்துச்சாம். வாழ மரத்தோட. மீனுக்குக் கேக்கணுமா?"

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா பந்தலில் நாதசுரக்காரரை ஏற்றுவதற்குள் அத்தை கீரைக் காம்பை முறத்தில் விசிறினாள்.

"போதும் நிறுத்துய்யா. படிக்கிற பொண்ணு, அத அப்புடியே எழுதிக் குடுத்துரப் போவுது. வெள்ளமும் வரல, வெங்காயமும் வரல. பண்ருட்டி பஸ்ஸுல வந்துச்சு. என் மடியில குடத்த வச்சி நாந்தான் கொண்டாந்தேன்."

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. நான் வருகிறேன் என்று சொன்ன வாரத்தில் மாமா ஓடை நெடுக நடந்து பார்த்திருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு குஞ்சு இல்லை. அந்தப் பக்கத்தில் எல்லார் கொல்லையிலும் போர் மோட்டார் ஓடுகிறது, மாமாவுடையதும் சேர்த்துத்தான். ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மீன் இல்லை என்று ஊர்ப் பேரோடு நான் எழுதுவேன், அப்பா அதைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிப்பார், ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார். தன் மோட்டாரையே ஓடைக்குத் திருப்பிவிட்டுப் பள்ளத்தை நிரப்பியாயிற்று. மீன்? புவனகிரியில் வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்து அண்ணாகிராமத்தில் ஒரு கல்யாணம். இருவரும் போய் மொய் எழுதிவிட்டு, திரும்பும்போது கெடிலக்கரைப் பண்ருட்டியில் இறங்கி, உயிர்க் குறவையாகப் பார்த்து வாங்கி, பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றி, வாயில் துணியைக் கட்டி, மாமா அதை அத்தை மடியில் ஏற்றிவிட்டார். அத்தை பட்டுச் சேலையில் இருந்தாள்.

"கண்டக்டரு இன்னாம்மா குடத்துலன்னான். இந்த மனுசன் தீர்த்தம்னாரு. வடலூரு வர்றதுக்குள்ள ஒரு மீனு துணிய முட்டிக்கிட்டு வெளிய வந்து முன் சீட்டுக்காரரு சட்டைக்குள்ள பூந்துடுச்சு. தீர்த்தத்துல மீனு இருக்குமான்னான் கண்டக்டரு. கோயில் கொளத்துத் தீர்த்தம், அப்புடித்தான் இருக்கும்னாரு இவுரு. பஸ்ஸே சிரிக்கிது. என் சேலைய வந்து பாரு, இன்னும் கவுச்சி போவல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. "கெடிலத்து மீன்னு தெரிஞ்சே வாங்கினீங்களா மாமா?"

"மீனுன்னா மீனு. நெத்தியில ஊரு பேரு எழுதி ஒட்டியா வச்சிருக்குது?"

"எழுதியிருக்கு மாமா! உள்ள எழுதியிருக்கு. அத படிக்கத்தான் நான் இத்தன வருசமா கண்ணு முழிச்சிக்கிட்டுக் கெடக்கறேன்."

இப்படி நான் மாமாவிடம் அதுவரை கத்தியதில்லை. அத்தை கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மாமா வேறொரு குரலில் கேட்டார்.

"அப்ப நெசமாவே ரெண்டும் வேற வேறயா? நான் சும்மா உங்கப்பாவ வெறுப்பேத்தத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"நெசமாவே வேற."

"அப்ப எங்க மீனு எங்க?"

"தெரியல மாமா. நான் எடுத்ததெல்லாம் பஸ்ஸுல வந்தது. உங்க மீனு ஒண்ணுகூட என் கையில இல்ல."

கடைசியாக இந்த ஓடையில் மீனைப் பார்த்தது எப்போது என்று கேட்டேன். யோசித்தார். தலையைச் சொறிந்தார். உள்ளே இருந்த அத்தையிடம் கேட்டார், அவளுக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பந்தியிலும் எந்த மீனுக்காக அப்பாவிடம் மல்லுக்கு நின்றாரோ அதைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

கைடிடம் உண்மையைச் சொன்னேன். போர்டில் இரண்டு ஆறும் அந்தத் தடித்த கோடும் இன்னும் அழியாமல் இருந்தன. அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். "டவுன் பஸ்ஸா, பாயிண்ட் டு பாயிண்ட்டா?" என்றார். டவுன் பஸ் என்றேன். எழுந்து போய்க் கோட்டை அழித்தார். பிறகு உட்கார்ந்து, மழைக்குப் பிறகு மறுபடி ஒருமுறை மாதிரி எடு, அதுவரை நீட்டிப்புக்கு நான் கையெழுத்துப் போட்டு வாங்கித் தருகிறேன் என்றார். மழையில் ஓடை ஓடும்போது ஊர் மீன் ஒன்றாவது கிடைத்தால் அந்த ஓடைக்கென்று ஒரு குறவை உண்டு என்று எழுதலாம். எல்லாமே பஸ்ஸில் வந்ததாக இருந்தால் அந்த ஓடையின் மீன் முடிந்துபோயிற்று என்றுதான் எழுத வேண்டும். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். நான் அதை மாமாவிடம் அப்படியே சொன்னேன். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

இதற்குள் அத்தை மூலம் அம்மாவுக்கும், அம்மா மூலம் அப்பாவுக்கும் விஷயம் போய்விட்டது. மாமாவை வறுத்தெடுத்துவிடுவார் என்று பயந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். நான் எதிரில் நின்றேன். அன்றைக்குச் சேற்று நாற்றம் என்று சொன்னது எந்த ஆற்று மீன் என்பது அவர் மனசில் ஏறிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"மீனு நல்ல மீனுதான். குழம்பு வச்ச விதம் சரியில்ல" என்றார்.

"அத தம்பி பொண்டாட்டிகிட்ட நீங்களே போன்ல சொல்லுங்க" என்று அம்மா போனை நீட்டினாள். அப்பா பேப்பரை மறுபடி விரித்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த விசேஷங்களில் இருவரும் மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டார்கள். பார்க்கவே சகிக்கவில்லை.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடாமல் அடித்தது. ஓடை நிறையப் பழுப்புத் தண்ணீர். வடிந்து தெளியக் காத்திருந்து வலையோடு போனேன். மாமா கரைக்கு வரவில்லை. தூரத்தில் மதகுக் கட்டைமேல் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

"கிட்ட வாங்க மாமா."

"வேணாம் பாப்பா. நான் கிட்ட வந்தா அப்புறம் ஒனக்கே சந்தேகமாப் போவும். இங்கேர்ந்தே பாக்கறேன்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், ஒன்றுமில்லை என்பதற்கு. நான் சேற்றிலிருந்து கரையேறும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. மாமாவின் கொல்லைப் பக்கம் தொடங்கி மேலே புதர் மண்டிய இடம்வரைக்கும் வலை போட்டேன். பெரிது, சின்னது, குஞ்சு என்று கிடைத்தன. குப்பிகளைப் பையில் அடுக்கும்போது மாமா மதகிலிருந்தே கேட்டார்: "ரிசல்ட்டு எப்ப வரும்?" மகன் பன்னிரண்டாவது எழுதியபோதுகூட அவர் இப்படிக் கேட்டதில்லை என்று அத்தை சொன்னாள். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போன். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சாப்பிட்டியா, அங்க மழையா என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். இன்னும் வரல மாமா என்பேன். சரி சரி என்று வைத்துவிடுவார்.

முடிவு வந்த அன்று கம்ப்யூட்டர் மரத்தை வரையும்வரை எழுந்து நின்றுகொண்டேதான் இருந்தேன். மாமா ஊர் மீன்களில் முக்கால்வாசி கெடிலத்துக் கிளையில்தான் இருந்தன. பஸ்ஸில் வந்தவை பிள்ளை குட்டி பெற்றுச் செழிப்பாக இருந்தன. ஆனால் புதர் மண்டிய மேல்பக்கத்தில் பிடித்ததில் நாலைந்து மட்டும் தனியாக நின்றன. கெடிலத்துக் கிளையிலும் இல்லை. கீழ் வெள்ளாற்று மீன்களுக்குப் பக்கத்தில், ஆனால் அவற்றிலும் சேராமல், தனக்கென்று ஒரு சின்னக் கிளை. அந்தக் கிளையை நான் வேறு எந்த ஓடையிலும் பார்த்ததில்லை. கைடு எட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். இந்த முறை அவர் போர்டுப் பக்கமே போகவில்லை.

வராந்தாவுக்கு வந்து மாமாவைக் கூப்பிட்டேன்.

"சாப்ட்டியா பாப்பா?"

"மாமா, இருக்குது."

"இன்னாது?"

"உங்க மீனு. பஸ்ஸுல வந்ததுங்கதான் ஜாஸ்தி. ஆனா நாலஞ்சி மீனு உங்க ஓடையோடது. வேற எங்கயும் இல்ல, கெடிலத்துலயும் இல்ல, கீழ வெள்ளாத்துலயும் இல்ல. சேத்துக்குள்ள பதுங்கிச்சோ, மேல எங்கனா ஒரு மடுவுல ஒதுங்கிச்சோ, தாங்கிக்கிட்டு இருந்திருக்குது மாமா."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், லைன் இருந்தது. மாமா அழுகிறார் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. என் அம்மாவைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவர் அழவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"அன்னிக்கும் அதுங்க அங்கதான் இருந்திச்சா?" என்றார்.

"அங்கதான் மாமா இருந்திருக்கணும்."

"அதுங்க தலமேலயே நின்னுக்கிட்டு, பண்ருட்டிலேர்ந்து வாங்கியாந்தத கொட்டுனேனே பாப்பா."

ஆமாம் மாமா என்று மட்டும் சொன்னேன்.